47-ஆம் நம்பர் படுக்கை

நடுவர் ஐயாவுக்கும், எதிரணி நண்பர்களுக்கும், இந்த நேரத்திலும் கலையாமல் உட்கார்ந்திருக்கும் விருதுநகர் மக்களுக்கும் வணக்கம். தலைப்பு உங்களுக்குத் தெரியும். ரயிலில் உடன் வருபவர் உறவா, தொந்தரவா? உறவுதான் என்று சொல்ல வந்திருக்கிறேன்.

எனக்கு முன்னால் பேசிய எதிரணித் தலைவர் ஒரு வரி சொன்னார். பந்தலே கை தட்டியது. "ரயிலில் ஒருவர் உங்களைத் 'தம்பி' என்று கூப்பிட்டால் உடனே லோயர் பெர்த்தைக் கெட்டியாகப் பிடித்துக்கொள்ளுங்கள்" என்றார். கீழ்ப் படுக்கையைக் கேட்கத்தான் உறவு கொண்டாடுகிறார்களாம். அதோடு விடவில்லை. போன மாதம் முத்துநகர் எக்ஸ்பிரஸில் ஓர் அம்மா தன்னைத் 'தம்பி' என்றதையும், தான் அப்பர் பெர்த்துக்கு ஏறியதையும், தலைக்கு மேல் ஓடிய மின்விசிறியைப் பார்த்துக்கொண்டே தூத்துக்குடி வரை தூங்காமல் போனதையும் நடித்தே காட்டினார்.

ஐயா, எனக்கு ஒரே ஒரு கேள்விதான். டிக்கெட்டில் யார் பெயர் இருந்தது? உங்கள் பெயர். டிக்கெட் பரிசோதகர், அதுதான் டிடிஇ, வந்திருந்தால் யார் பக்கம் பேசியிருப்பார்? உங்கள் பக்கம். அப்புறம் ஏன் எழுந்தீர்கள்? யாரும் உங்கள் கையைப் பிடித்து இழுக்கவில்லையே. தம்பி என்று ஒரு சொல் கூப்பிட்டது, எழுந்துவிட்டீர்கள். தொந்தரவு என்று நினைத்திருந்தால் போர்வையை இழுத்து மூடிக்கொண்டு படுத்திருப்பீர்கள். நீங்கள் தூங்காத அந்த ராத்திரியில், உங்கள் படுக்கையில் ஒரு தாய் நிம்மதியாகத் தூங்கியிருக்கிறார். இதைவிட நல்ல சாட்சி எங்கள் அணிக்கு வேண்டுமா?

அந்த அம்மா ஏன் கேட்டார் என்பதையும் பார்ப்போம். பழைய நீல நிற ஸ்லீப்பர் பெட்டியில் 72 படுக்கைகள். சைடு லோயரையும் சேர்த்தால் கீழ்ப் படுக்கை 27தான். இப்போது வரும் எல்.எச்.பி. என்ற புதுவகைப் பெட்டியில் 80 படுக்கைகள். அதில் கீழே 30. 60 வயதான ஆண்களுக்கும் 45 வயதைத் தொட்ட பெண்களுக்கும் கீழ்ப் படுக்கை ஒதுக்கப் பார் என்று ரயில்வே தன் கம்ப்யூட்டருக்குச் சொல்லித்தான் வைத்திருக்கிறது. காலி இருந்தால் ஒதுக்கும். தீர்ந்துபோனால் முழங்கால் தேய்ந்த அம்மாவுக்கும் அப்பர் பெர்த்தான். கம்ப்யூட்டருக்கு வயது தெரியும், முழங்கால் வலி தெரியாது. அந்த அம்மா ஏணியைப் பிடித்துக்கொண்டு அண்ணாந்து பார்க்கும் பார்வை, எதிரே உட்கார்ந்திருப்பவருக்குத்தான் தெரியும். அவரைத் தம்பி என்று கூப்பிடாமல் வேறு யாரைக் கூப்பிடுவார்?

தென்னிந்தியாவின் முதல் பயணிகள் ரயில் 1856 ஜூலை 1 அன்று ராயபுரத்திலிருந்து வாலாஜா ரோட்டுக்குப் போனது. ஊருக்குள் எல்லாரும் ஒரே திண்ணையில் உட்கார முடியாத காலம் அது. அதற்குப் பிறகும் நெடுங்காலம், ஸ்டேஷன் சாப்பாட்டு விடுதிகளில் பிராமணருக்குத் தனி இடம், மற்றவருக்குத் தனி இடம் என்று பலகை தொங்கியது. ஆனால் மூன்றாம் வகுப்புப் பெட்டிக்குள் ஏறிவிட்டால் காசு கொடுத்தவர் பக்கத்தில் காசு கொடுத்தவர், தோளும் தோளும் உரசத்தான் உட்கார வேண்டும். பக்கத்து மனிதரைத் தொந்தரவு என்று சொன்ன குரல் அன்றும் இருந்தது. ரயில் அதற்காக நிற்கவில்லை.

எதிரணியில் இரண்டாவதாகப் பேசிய சகோதரி, மயக்க மருந்து பிஸ்கெட்டைப் பற்றிச் சொன்னார். சரி, எச்சரிக்கை வேண்டும். தெரியாதவர் கொடுப்பதை வாங்காதே என்று என் பிள்ளைக்கும் சொல்கிறேன். ஏதாவது ஆபத்து என்றால் ரயில்வே உதவி எண் 139-ஐக் கூப்பிடு என்றும் சொல்கிறேன். அதற்காகத் தின்பண்டம் நீட்டுகிற கையெல்லாம் திருட்டுக் கை ஆகிவிடாது சகோதரி. அப்படி நீண்ட ஒரு கையைப் பற்றிச் சொல்லத்தான் இந்த மேடைக்கே வந்தேன்.

2003, கார்த்திகை மாதம். நான் சென்னையில் வேலை பார்த்தேன். காலையில் ஆபீசுக்கு போன் வந்தது. அப்பாவுக்கு நெஞ்சுவலி, திருநெல்வேலியில் ஆஸ்பத்திரியில் சேர்த்திருக்கிறார்கள். அதற்குமேல் ஒன்றும் தெரியவில்லை. என்னிடம் செல்போன் கிடையாது. எழும்பூருக்கு ஓடினேன். நெல்லை எக்ஸ்பிரஸில் ஆர்.ஏ.சி.தான் கிடைத்தது. ஆர்.ஏ.சி. என்றால் உங்களுக்குத் தெரியும், ஒரு சைடு லோயர், அதில் இரண்டு பேர். ஆளுக்குப் பாதி. 47-ஆம் நம்பர். என் பாதியில் நான். எதிர்ப் பாதியில் ஓர் ஆச்சி. எழுபது வயது இருக்கும். மகள் பிரசவத்துக்கு வந்துவிட்டுக் கோவில்பட்டிக்குத் திரும்புகிறார். மடியில் ஓர் எவர்சில்வர் தூக்குச்சட்டி.

வண்டி தாம்பரம் தாண்டவில்லை. "எய்யா, சாப்ட்டியா?" என்றார். சாப்பிட்டேன் என்றேன். "சாப்ட்ட மூஞ்சியா இது?" என்றார். அவ்வளவுதான், எனக்குக் கண் நிறைந்துவிட்டது. எல்லாவற்றையும் சொன்னேன். ஆச்சி ஆறுதல் ஒன்றும் சொல்லவில்லை. தூக்குச்சட்டியைத் திறந்தார். மிளகாய்ப்பொடி தடவி நல்லெண்ணெய் ஊற்றி ஊறிய இட்லி. மூடியில் இரண்டை வைத்து நீட்டினார். "திங்கு. ஆஸ்பத்திரியில நிக்கதுக்குக் காலு வேணும்லா" என்றார்.

விழுப்புரம் தாண்டியதும் டிடிஇ வந்தார். ஓர் அப்பர் பெர்த் காலி, தம்பி மேலே போங்கள், பாட்டி முழுப் படுக்கையில் படுத்துக்கொள்ளட்டும் என்றார். நான் எழுந்தேன். ஆச்சி என் சட்டையைப் பிடித்து உட்கார வைத்தார். டிடிஇயிடம் சொன்னார்: "ஐயா, அதை வேற யாருக்காவது குடுங்க. இவன் மேல போனா கண்ட கண்ட நெனப்புதான் வரும். இங்கனயே இருக்கட்டும்."

திரும்பவும் சொல்கிறேன், இதை அப்படியே விட்டுவிட எனக்கு மனசு வரவில்லை. எழுபது வயது. இரண்டு முழங்காலிலும் தைலம் தடவியிருக்கிறார், அந்த வாசனை எனக்கு அடிக்கிறது. கால் நீட்டிப் படுக்க முழுப் படுக்கை கிடைக்கிறது. சட்டப்படி கிடைக்கிறது. அவர் என்னைப் போகச் சொல்லக்கூட வேண்டாம், பேசாமல் இருந்தால் போதும். வேண்டாம் என்கிறார்! யாருக்காக? மூன்று மணி நேரத்துக்கு முன்னால் முகம்கூடத் தெரியாத ஒருவனுக்காக. எதிரணித் தலைவர் அவர்களே, தம்பி என்று கூப்பிட்டுப் படுக்கையைக் கேட்டவரை நீங்கள் பார்த்தீர்கள். 'எய்யா' என்று கூப்பிட்டுத் தனக்கு வந்த படுக்கையை வேண்டாம் என்றவரை நான் பார்த்தேன்.

ராத்திரி முழுக்க ஆச்சி தூங்கவில்லை. விருத்தாசலத்தில் தன் கல்யாணக் கதை. திருச்சியில் காவிரிப் பாலம் வந்ததும் என்னைக் கும்பிடச் சொன்னார், கும்பிட்டேன். திண்டுக்கல்லில் பேரன் பிறந்த கதை. நான் அப்பாவை நினைக்கத் தொடங்கும்போதெல்லாம், எப்படித்தான் தெரியுமோ, அடுத்த கதையை ஆரம்பித்துவிடுவார். மதுரையில் மட்டும் கேட்டார், "அப்பாவுக்கு என்ன பிடிக்கும்?" சுக்குக் காப்பி என்றேன். "வந்து போட்டுக் குடுப்ப" என்றார். வந்து போட்டுக் குடுப்ப. அந்த ஒரு சொல்லைப் பிடித்துக்கொண்டுதான் மீதி வழியைக் கடந்தேன்.

விடிகிற நேரத்தில் வண்டி இங்கே நின்றது. உங்கள் விருதுநகர் ஸ்டேஷனில்தான். இறங்கி ஆச்சிக்கு ஒரு டீ வாங்கிக் கொடுத்தேன். அந்த ராத்திரி முழுவதற்கும் நான் அவருக்குக் கொடுத்தது அந்த ஒரு டீதான்.

கோவில்பட்டி வந்தது. ஆச்சி பையை எடுத்தார். தூக்குச்சட்டியை மட்டும் என் மடியில் வைத்தார். "இன்னும் ஆறு இட்லி கெடக்கு. உங்க அம்மைக்குக் குடு. நேத்துலருந்து அவ ஒண்ணும் தின்னுருக்க மாட்டா" என்றார். பாத்திரத்தை எப்படித் திருப்பித் தருவது என்று நான் கேட்பதற்குள் வண்டி நகர்ந்துவிட்டது. பெயரைக் கேட்கவில்லை. தெருவைக் கேட்கவில்லை.

நடுவர் ஐயா மணியில் கை வைத்துவிட்டார். ஐயா, ஒரு நிமிடம். ஒரே நிமிடம்.

ஆஸ்பத்திரி வராந்தாவில் அம்மா தரையில் உட்கார்ந்திருந்தார். ஆச்சி சொன்னது சரி, முந்தின நாள் காலையிலிருந்து பச்சைத் தண்ணீர்தான். தூக்கைத் திறந்து வைத்தேன். யார் கொடுத்தது என்று சொன்னேன். அம்மா அழுதுகொண்டே ஆறு இட்லியையும் சாப்பிட்டார். அப்பா பிழைத்துக்கொண்டார். பதினோராம் நாள் வீட்டுக்கு வந்தார். சுக்குக் காப்பி நான்தான் போட்டுக் கொடுத்தேன்.

வீட்டில் தூக்கைக் கழுவிக் கவிழ்த்தபோதுதான் அடியில் புள்ளி புள்ளியாகப் பெயர் வெட்டியிருந்ததைப் பார்த்தோம். 'மு.சு.' என்று இரண்டே எழுத்து. அது ஆச்சியின் பெயரா, கல்யாணத்தில் மொய் வைத்தவர் பெயரா, யாருக்குத் தெரியும்? கோவில்பட்டியில் இரண்டு தடவை போய் இறங்கி, காட்டாத கடை இல்லை, கேட்காத தெரு இல்லை. கிடைக்கவில்லை.

அப்பா இப்போது இல்லை. அம்மா இருக்கிறார். இன்றைக்கும் நான் ஊரிலிருந்து ரயிலேறும்போது அந்தத் தூக்கில்தான் இட்லி வைத்துத் தருகிறார். நான் மூன்று இட்லி சாப்பிடுகிறவன் என்று பெற்ற தாய்க்குத் தெரியாதா? எட்டு வைப்பார். எதுக்கும்மா இவ்வளவு என்று போன வாரமும் கேட்டேன்.

"எதிர்த்தாப்புல யாராவது இருப்பாங்கல்லா" என்றார்.

வணக்கம்.