22 நிமிடத்தில் பாதி கரைந்துபோகும் உலோகம்

(திரையில்: தனிம அட்டவணையின் இடது ஓரம்)

வணக்கம். லித்தியம், சோடியம், பொட்டாசியம் என்று இப்படியே கீழே இறங்கி வாருங்கள். சீசியத்துக்கு அடியில் 87-ஆவது கட்டம். அங்கே ஒரு தனிமம் இருக்க வேண்டும் என்று மெண்டலீவ் 19-ஆம் நூற்றாண்டிலேயே சொல்லிவிட்டார். அப்புறம் பலர் கண்டுபிடித்துவிட்டதாக அறிவித்து, விர்ஜீனியம், மால்டேவியம் என்று பெயர்கூட வைத்தார்கள். ஒன்றும் நிலைக்கவில்லை.

1939 ஜனவரியில் அதைப் பிடித்தவர் மார்கரீத் பெரே. பாரிஸ் ரேடியம் நிறுவனத்தில் மேரி கியூரியின் உதவியாளராக 19 வயதில் சேர்ந்தவர். பல்கலைக்கழகப் பட்டம் கிடையாது. ஆக்டினியம் என்ற கதிரியக்கத் தனிமத்தைச் சுத்தம் செய்வதுதான் அவர் வேலை.

(திரையில்: ஆக்டினியம் இரண்டாகப் பிரியும் வரைபடம்)

சரி, இத்தனை பேருக்கு ஏன் தப்பியது? ஆக்டினியம்-227 அணுக்களில் 100-க்கு 98-க்கும் மேல் தோரியமாக மாறிவிடும். மீதி ஒன்றிரண்டுதான் ஆல்பா துகளை வெளியேற்றி 87-ஆவது தனிமம் ஆகும். அதிலும் பாதி 22 நிமிடத்தில் சிதைந்துவிடும். ஆக்டினியத்தைச் சுத்தம் செய்த கையோடு அளக்காவிட்டால், மற்ற சிதைவுப் பொருள்களின் கதிர்வீச்சு சேர்ந்து இதை மூடிவிடும்.

பெரேயின் கை வேகமானது. உடனே அளந்தார். கணக்கில் வராத பீட்டா கதிர்வீச்சு ஒன்று கிடுகிடுவென ஏறி, பிறகு சமநிலைக்கு வந்தது. கரைசலில் சீசியம் உப்பைச் சேர்த்துப் படியவைத்தார். அந்தக் கதிர்வீச்சும் சீசியத்தோடு சேர்ந்து படிந்தது. அதாவது, சீசியத்துக்கு அடியில் இருக்க வேண்டிய தனிமம் போலவே, சீசியத்தின் குணம் அதற்கு இருந்தது. காலியாக இருந்த கட்டம் நிரம்பியது. தன் நாட்டின் பெயரால் அதற்குப் பிரான்சியம் என்று பெயரிட்டார்.

(திரையில்: பூமியின் மேலோடு)

பூமியின் மேலோடு முழுவதிலும் எந்த நேரத்திலும் சுமார் 30 கிராம்தான் இருக்கும் என்பது மதிப்பீடு. தண்ணீரில் போட்டால் பயங்கரமாக வெடிக்கும் என்று பல இடங்களில் கேட்டிருப்பீர்கள். கண்ணால் பார்க்கிற அளவு பிரான்சியத்தை இதுவரை யாருமே சேர்த்ததில்லை. சேர்த்தாலும் தன் கதிரியக்கச் சூட்டிலேயே ஆவியாகிவிடும். எனக்கு இதைவிட வியப்பானது வேறு: கனமான அணுக்கருவைச் சுற்றும் எலக்ட்ரான்கள் ஒளியின் வேகத்தை நெருங்குவதால், வெளி எலக்ட்ரானைச் சீசியத்தைவிடச் சற்று இறுக்கமாகவே இது பிடித்துவைத்திருக்கிறது. அட்டவணையில் கீழே போகப் போகப் பிடி தளரும் என்ற பாடம் இங்கே பொய்த்துவிடுகிறது.

(திரையில்: பெரேயின் புகைப்படம்)

1946-இல் பெரே முனைவர் பட்டம் பெற்றார். 1962-இல் பிரெஞ்சு அறிவியல் கழகம் முதன்முதலாக ஒரு பெண்ணைத் தேர்ந்தெடுத்தது, அது இவர்தான். 1911-இல் மேரி கியூரிக்கே இடம் தராத கழகம் அது. பிரான்சியம் புற்றுநோயைக் கண்டறிய உதவும் என்று பெரே நம்பியிருந்தார். 1975-இல் அதே நோய்தான் அவர் உயிரைக் கொண்டுபோனது.