கிராபிக்ஸ் கார்டு மட்டும் மாற்றினால் போதுமா? பழைய கம்ப்யூட்டருக்கு எதை முதலில் வாங்குவது

[திரையில்: மேசைக்கு அடியில் தூசி படிந்த கறுப்பு கேபினெட், பக்கவாட்டு மூடி கழற்றப்பட்ட நிலையில்]

வணக்கம். இந்தப் பெட்டி என் சித்தி மகனுடையது. தென்காசியில் பகல் முழுக்கக் கல்யாண ஆல்பம் டிசைன் செய்கிறான். ராத்திரி பத்து மணிக்கு மேல் இதே கம்ப்யூட்டரில் கேம். போன மாதம் போன் போட்டு, "அண்ணே, நல்லதா ஒரு கிராபிக்ஸ் கார்டு மட்டும் சொல்லுங்க. அதை மாட்டிட்டா எல்லாம் பறக்கும்ல?" என்று கேட்டான்.

கேம் பறக்கும். ஆல்பம் இருந்த இடத்திலேயே இருக்கும். அது ஏன் என்பதைத்தான் இன்றைக்குப் பார்க்கப் போகிறோம்.

2019-இல் அசெம்பிள் செய்த மெஷின் இது. ரைசன் 5 2600 பிராசஸர், பி450 போர்டு, ஒரே ஸ்டிக்காக 8 ஜிபி ரேம், 4 ஜிபி ஜிடிஎக்ஸ் 1050 டிஐ கார்டு, விண்டோஸுக்கு மட்டும் 120 ஜிபி எஸ்எஸ்டி, மிச்சமெல்லாம் 1 டிபி ஹார்ட் டிஸ்க். அந்த வருஷம் சென்னை ரிச்சி ஸ்ட்ரீட்டில் போய் "பட்ஜெட்டில் ஒரு கேமிங் பிசி" என்று கேட்டவர்களில் பலர் இந்த மாதிரி ஒன்றைத்தான் தூக்கிக்கொண்டு வந்தார்கள். உங்கள் வீட்டிலும் இருக்கலாம்.

அவனிடம் ஒரு வேலை சொன்னேன். ஆல்பம் செய்யும்போது கன்ட்ரோல், ஷிஃப்ட், எஸ்கேப் மூன்றையும் சேர்த்து அழுத்து, டாஸ்க் மேனேஜர் வரும், பெர்ஃபார்மன்ஸ் பக்கத்தைப் போட்டோ எடுத்து அனுப்பு. ராத்திரி கேம் ஆடும்போதும் அதையே செய்.

[திரையில்: இரண்டு போட்டோக்களும் அருகருகே]

இடது பக்கம் ஆல்பம். ரேம் 95 சதவீதம். ஹார்ட் டிஸ்க் 100 சதவீதம். பிராசஸர் இருபதைத் தாண்டவில்லை. கிராபிக்ஸ் கார்டு சும்மா உட்கார்ந்திருக்கிறது. வலது பக்கம் கேம். கிராபிக்ஸ் கார்டு 99 சதவீதம், பிராசஸர் பாதி. பெட்டி ஒன்றுதான், ஆனால் பகலில் ஒரு பசி, ராத்திரியில் வேறொரு பசி. வருமானம் வருவது பகல் பசியால் என்பதால் அதிலிருந்து தொடங்குகிறேன்.

ஒரு ஆல்பம் ஷீட்டை எடுத்துக்கொள்வோம். 12க்கு 36 இஞ்ச், 300 டிபிஐ. அதாவது 3600 பிக்சல் உயரம், 10,800 பிக்சல் அகலம். பெருக்கினால் 3 கோடியே 88 லட்சம் பிக்சல். ஒரு பிக்சலுக்கு நிறத்துக்கு மூன்று பைட், டிரான்ஸ்பரன்சிக்கு ஒன்று என்று வைத்தால், முழு ஷீட்டையும் நிரப்பும் ஒரு லேயருக்கே சுமார் 155 எம்பி. மாப்பிள்ளை, பொண்ணு, பின்னணிக்குக் கோபுரம், மேலே பூ, ஓரத்தில் பளபளப்பு என்று இருபது லேயர் போட்டால் 3 ஜிபி. இதற்கு மேல் ஹிஸ்டரி வேறு. போட்டோஷாப் வழக்கமாகக் கடைசி ஐம்பது மாற்றங்களை ஞாபகம் வைத்திருக்கும். விண்டோஸ் தன் பங்கை எடுத்துக்கொள்ளும், பக்கத்தில் பாட்டுக்காகத் திறந்து வைத்த பிரவுசரும் எடுத்துக்கொள்ளும். இத்தனைக்கும் சேர்த்து 8 ஜிபி என்பது யானைப் பசிக்குச் சோளப்பொரி.

ரேம் நிரம்பினால் போட்டோஷாப் நிற்காது. மிச்சத்தை ஸ்கிராட்ச் டிஸ்க்கில், அதாவது தற்காலிகமாக எழுதி வைக்க ஒதுக்கிய டிஸ்க்கில் கொட்டும். இவன் அந்த ஸ்கிராட்ச் டிஸ்க்கை ஹார்ட் டிஸ்க்கில் வைத்திருக்கிறான், ஏனென்றால் எஸ்எஸ்டியில் இடமில்லை. ஹார்ட் டிஸ்க் விநாடிக்கு 100 எம்பி எழுதினாலும் 3 ஜிபிக்கு அரை நிமிஷம். சேவ் கொடுத்துவிட்டு டீ குடிக்கப் போகும் பழக்கம் எங்கிருந்து வந்தது என்று புரிகிறதா?

சரி, முதல் செலவு ரேம். 16 ஜிபி ஸ்டிக் இரண்டு, மொத்தம் 32. ஏன் இரண்டு என்றால், இந்த போர்டில் ரேமுக்கு இரண்டு சேனல், அதாவது டேட்டா போகும் இரண்டு பாதை உண்டு. ஒரே ஸ்டிக் போட்டால் ஒரு சேனல் காலியாகக் கிடக்கும். இவனுடைய 2666 ஸ்டிக் தனியாக விநாடிக்கு அதிகபட்சம் 21 ஜிபி கடத்தும். 3200 வேகத்தில் இரண்டு போட்டால் 51 ஜிபி. இது கேமுக்கும் உதவும், குறிப்பாகப் படம் திடீர் திடீரென்று திக்கும் இடங்களில். நாலு ஸ்லாட் உள்ள போர்டில் பிராசஸரிலிருந்து எண்ணி இரண்டாவதிலும் நாலாவதிலும் மாட்டுங்கள். முதல் இரண்டிலோ கடைசி இரண்டிலோ மாட்டினால் இரண்டும் ஒரே சேனலில் போய் உட்காரும்.

விலை சொல்ல மாட்டேன். நான் சொல்லி, நீங்கள் வீடியோ பார்ப்பதற்குள் மாறிவிடும். ஒன்று மட்டும்: ஏஐ டேட்டா சென்டர்கள் மெமரியை அள்ளிக்கொண்டு போவதால் 2025 கடைசியில் ரேம் விலை கன்னாபின்னாவென்று ஏறியது. அதனால் நான் அவனுக்குப் பழைய ரேம்தான் வாங்கச் சொன்னேன். அடுத்த தலைமுறை ரேமான டிடிஆர் 5-க்கு மாறுகிறவர்கள், இந்த போர்டு கேட்கும் டிடிஆர் 4 ஜோடிகளை விற்கிறார்கள். ரேமில் சுற்றும் பாகம் கிடையாது, தேய்மானமும் சொல்லும்படி இல்லை. ரேமைச் சோதிக்கும் மெம்டெஸ்ட்டை ஒரு ராத்திரி ஓடவிட்டுப் பிழை வராவிட்டால் தைரியமாக வைத்துக்கொள்ளலாம். எஸ்எஸ்டியையும், மெஷினுக்கு மின்சாரம் கொடுக்கும் பெட்டியான எஸ்எம்பிஎஸ்ஸையும் மட்டும் பழசாக வாங்காதீர்கள். அந்த இரண்டும் உழைக்க உழைக்கத் தேய்கிற பொருள்கள்.

மாட்டியதும் பயாஸுக்குள், அதாவது போர்டின் அடிப்படை செட்டிங்குக்குள் போய், ரேமை அதன் முழு வேகத்தில் ஓடவிடும் எக்ஸ்எம்பியை ஆன் செய்ய வேண்டும். இல்லையென்றால் 3200 என்று வாங்கியது 2133-லோ 2400-லோ ஓடும். 2600 பிராசஸருக்கு ஏஎம்டி அதிகாரபூர்வமாகச் சொல்லும் வேகம் 2933 வரைதான். பெரும்பாலும் 3200-இலும் ஓடிவிடும். ஓடாமல் அடம்பிடித்தால் 2933-க்கு இறக்கிவிடுங்கள், குடி முழுகாது.

அடுத்து எஸ்எஸ்டி. 1 டிபி, எம்.2, என்விஎம்இ. எம்.2 என்பது வடிவத்தின் பெயர் மட்டுமே. அதே வடிவத்தில், ஹார்ட் டிஸ்க் பயன்படுத்தும் பழைய இணைப்பு முறையான சாட்டாவில் ஓடும் எஸ்எஸ்டியும் வரும், அது விநாடிக்கு 550 எம்பியோடு நின்றுவிடும். என்விஎம்இ என்பது அதைவிட வேகமான முறை, மூன்றாம் தலைமுறையிலேயே 3,500 வரை போகும். பி450-க்கு அதுவே உச்சம். அதற்கு மேல் வேகமான நாலாம் தலைமுறைக்குக் கூடுதல் காசு கொடுத்தால், பின்னாளில் போர்டு மாற்றும்போதுதான் பலன். இன்னொன்று, சில போர்டுகளில் எம்.2-வில் எஸ்எஸ்டி மாட்டியதும் ஒன்றிரண்டு சாட்டா போர்ட்டுகள் தானாக அணைந்துவிடும். "ஹார்ட் டிஸ்க்கைக் காணோம்" என்று பதறாமல் கேபிளை வேறு போர்ட்டில் மாற்றுங்கள். பிறகு போட்டோஷாப் பிரிஃபரன்ஸில் ஸ்கிராட்ச் டிஸ்க்கைப் புது எஸ்எஸ்டிக்கு மாற்ற மறக்காதீர்கள். இதைச் செய்யாமல் "எஸ்எஸ்டி போட்டும் ஸ்லோ" என்று சொல்கிறவர்களைப் பார்த்திருக்கிறேன். ஹார்ட் டிஸ்க்கைத் தூக்கிப் போட வேண்டாம், டெலிவரி முடிந்த ஆல்பங்கள் அங்கே தூங்கட்டும்.

[திரையில்: மூன்று கிராபிக்ஸ் கார்டு பெட்டிகள்]

இப்போது எல்லோரும் காத்திருந்த கிராபிக்ஸ் கார்டு. கேம் மட்டும் என்றால் ஏஎம்டியின் ஆர்எக்ஸ் 6600 போதும் என்று சொல்லி முடித்திருப்பேன். 132 வாட்தான் கேட்கும், 1080பி-யில் நன்றாக ஆடலாம். ஆனால் இவன் கல்யாண டீசர் வீடியோவும் வெட்டுகிறான், 3டி டிசைனுக்கான பிளெண்டரும் கற்றுக்கொள்கிறான். 3டி சீனைப் படமாக்கும் பிளெண்டரின் சைக்கிள்ஸ் ரெண்டரிங், என்விடியா கார்டுகளுக்கான ஆப்டிக்ஸில் ஓடும் வேகம் இந்த விலைக் கார்டுகளில் ஏஎம்டியிடம் கிடைக்காது. வீடியோ, 3டி சாஃப்ட்வேர்கள் பலவும், கிராபிக்ஸ் கார்டில் கணக்குப் போட என்விடியா கொடுத்த குடாவை வைத்து வளர்ந்தவை. மண்டபத்தின் மங்கிய வெளிச்சத்தில் எடுத்த போட்டோவின் புள்ளிகளை நீக்க லைட்ரூமின் ஏஐ டீநாய்ஸில் போட்டால், முழுக்க கிராபிக்ஸ் கார்டின் தலையில்தான் விழும். அதனால் என்விடியா.

என் தேர்வு ஆர்டிஎக்ஸ் 3060, 12 ஜிபி. 2021-இல் வந்த கார்டு. 2023-இல் வந்த 4060 கேமில் இதைவிட வேகம், மின்சாரமும் குறைவு, 115 வாட்தான். ஆனால் அதன் மெமரி 8 ஜிபி. ரெண்டர் செய்கிற சீன் கார்டின் மெமரிக்குள் அடங்காவிட்டால் வேகம் படுத்துவிடும், சில நேரம் ரெண்டரே நின்றுவிடும். இன்னொரு காரணம் இந்தப் பழைய போர்டு. 4060 போர்டோடு பேசுவது எட்டு லேனில் (டேட்டா போகும் பாதையில்), 3060 பதினாறில். புதிய போர்டில் இதைப் பற்றிக் கவலையே வேண்டாம். பி450-இல் ஒவ்வொரு லேனின் வேகமும் பாதி என்பதால், மெமரி நிரம்பும்போது எட்டு லேன் கார்டு கொஞ்சம் கூடுதலாகத் திணறும்.

வாங்கும்போது கண்ணைத் திறந்து வைத்துக்கொள்ளுங்கள். 3060 என்ற அதே பெயரில் 8 ஜிபி கார்டும் 2022-இல் வந்தது. மெமரி மட்டுமா குறைவு? மெமரிக்குப் போகும் பாதையும் 192 பிட்டிலிருந்து 128 பிட்டாகச் சுருங்கியது. கடையில் "3060 தானே சார், ரெண்டும் ஒண்ணுதான்" என்பார்கள். ஒன்றில்லை.

இன்டெல்லின் ஆர்க் பி580 பற்றிக் கேட்பீர்கள். 12 ஜிபி, நல்ல விலை, நல்ல கார்டு. ஆனால் கார்டின் மெமரி முழுவதையும் பிராசஸர் ஒரேயடியாக அணுக விடும் ரீசைசபிள் பார் வசதி இல்லாவிட்டால் அதன் வேகம் நன்றாகவே விழுந்துவிடும். 2600 அந்த வசதிக்கான அதிகாரபூர்வப் பட்டியலிலேயே இல்லை. தவிர, இந்த மாதிரி பழைய பிராசஸரோடு சேர்த்தால் பி580-இன் டிரைவர் பிராசஸரை அதிகம் உறிஞ்சுகிறது என்பது சோதனைகளில் தெரிந்துபோன விஷயம். புது மெஷினுக்குப் பாருங்கள், இதற்கு வேண்டாம்.

பழைய கார்டு வாங்கினால், கார்டின் விவரம் காட்டும் ஜிபியு-இசட் சாஃப்ட்வேரைத் திறந்து பெயரும் மெமரியும் சரிதானா என்று பார்த்துவிட்டுப் பணம் கொடுங்கள். வாரண்டி மிச்சம் இருந்தால் சீரியல் நம்பர் போட்ட பில்லையும் கேட்டு வாங்குங்கள்.

[திரையில்: எஸ்எம்பிஎஸ் ஸ்டிக்கர், மிக அருகில்]

இனி யாரும் பார்க்காத ஒரு ஸ்டிக்கர். கேபினெட்டோடு இலவசமாக வந்த எஸ்எம்பிஎஸ். பெரிய எழுத்தில் 450 வாட். கீழே சின்ன எழுத்தில் 12 வோல்ட், 18 ஆம்பியர். பெருக்குங்கள்: 216 வாட். பிராசஸரும் கிராபிக்ஸ் கார்டும் சாப்பிடுவது இந்த 12 வோல்ட்டைத்தான். 3060-க்கு மட்டும் 170 வாட், 2600 முழு மூச்சில் ஓடினால் 80-ஐத் தாண்டும். கணக்கு அங்கேயே உடைந்துவிட்டது. கார்டுக்கு மின்சாரம் கொடுக்கக் கடைக்காரர் ஒரு கன்வெர்ட்டர் வயரைக் கொடுத்து "இதை மாட்டிக்கோங்க, ஓடும்" என்று சொல்லலாம். ஓடும், ஒரு நாள் புகையும் வரும். 3060-க்கு என்விடியா சொல்வது 550 வாட். நல்ல கம்பெனியின் 550, பிரான்ஸ் (Bronze) ரேட்டிங் போதும். அந்த ரேட்டிங் மின்சாரம் எவ்வளவு வீணாகிறது என்பதைச் சொல்வது, பொருள் தரமானதா என்பதை அது சொல்லாது. அதனால் வாரண்டி எத்தனை வருஷம் என்று பாருங்கள்.

யுபிஎஸ்ஸையும் மறக்காதீர்கள். வீடுகளில் இருக்கும் 600 விஏ யுபிஎஸ் பெரும்பாலும் 360 வாட்தான் தாங்கும். கேம் நடுவில் கரண்ட் போனால் இந்தப் புது மெஷினும் மானிட்டரும் சேர்ந்து அதைக் கவிழ்த்துவிடலாம்.

மானிட்டருக்கு ஒரே வரி: எவ்வளவு நிறம் காட்டும் என்பதற்கு விளம்பரத்தில் 45 சதவீதம் என்டிஎஸ்சி என்று இருந்தால் ஆல்பம் வேலைக்கு அதைத் தொடாதீர்கள், எஸ்ஆர்ஜிபி 99 சதவீதம் என்று இருக்கும் ஐபிஎஸ் வகைத் திரை வாங்குங்கள்.

பிராசஸர்? இப்போதைக்கு வேண்டாம் என்றேன். ஆறு மாதம் கழித்துக் கையில் காசு சேர்ந்தால் ரைசன் 5 5600. இதே போர்டில் உட்காரும், 65 வாட், கூலரும் பெட்டியிலேயே வரும். விலை குறைவு என்று 5500-ஐ எடுக்காதீர்கள், அதில் கேச், அதாவது பிராசஸருக்குள்ளேயே இருக்கும் வேகமான மெமரி 16 எம்பி, 5600-இல் 32. அந்த வித்தியாசம் கேமில் தெரியும்.

புது பிராசஸரை போர்டு அடையாளம் காண, பழைய பிராசஸர் உள்ளே இருக்கும்போதே பயாஸ் அப்டேட் செய்துவிட வேண்டும். கரண்ட் நடுவில் போனால் போர்டு போச்சு, ஆகவே யுபிஎஸ்ஸில் மாட்டிவிட்டுச் செய்யுங்கள். டிஸ்க்கைப் பூட்டி வைக்கும் பிட்லாக்கர் ஆனில் இருந்தால் ரெகவரி கீயைக் காகிதத்தில் எழுதி வைத்துக்கொள்ளுங்கள், பிராசஸர் மாறியதும் கேட்கும்.

கூலரைக் கழற்றும்போது மட்டும் அவசரம் கூடாது. நான் ஒருமுறை நேராக மேலே இழுத்தேன். கூலருக்கும் பிராசஸருக்கும் நடுவில் காய்ந்துபோன பேஸ்ட்டோடு ஒட்டிக்கொண்டு பிராசஸரே சாக்கெட்டிலிருந்து பிடுங்கிக்கொண்டு வந்தது. அடியில் 1,331 பின், அதில் ஒரு ஓரம் சாய்ந்துவிட்டது. உள்ளே லெட் இல்லாத மெக்கானிக்கல் பென்சிலின் வெறும் முனையை ஒவ்வொரு பின்னிலும் நுழைத்து நிமிர்த்தி முடிக்க இரண்டு மணி நேரம் ஆனது. நீங்கள் பத்து நிமிஷம் ஏதாவது கேம் ஓட்டிச் சூடாக்கிவிட்டு, மெஷினை அணைத்து, கரண்ட் வயரைப் பிடுங்கி, திருகுகளைக் கழற்றி, கூலரை இடமும் வலமுமாக மெதுவாகத் திருகுங்கள். பிடி தளர்ந்தது கையில் தெரியும். அப்புறம் தூக்குங்கள்.