100 வாட்ல எஃப்.எம். நிலையம்: 70 கிலோமீட்டர் போகுமா, ஆறைக்கூட தாண்டாதா?

வெறும் 100 வாட். நம்ம வீட்டுல முன்னாடி எரிஞ்ச குண்டு பல்பு அளவு சக்தி, அவ்வளவுதான். அதை ஆண்டெனா வழியா காத்துல விட்டா எஃப்.எம். எவ்வளவு தூரம் தெளிவா கேட்கும்? பௌதிகப் புத்தகத்துல இருக்கிற சூத்திரம் 70 கிலோமீட்டர்னு சொல்லுது. அமெரிக்காவுல உரிமம் குடுக்கிறவங்க 5.6 கிலோமீட்டர்தான்னு சொல்றாங்க. ரெண்டு பேரும் பொய் சொல்லல. அப்போ நடுவுல காணாமப்போன 64 கிலோமீட்டர் எங்கே? வாங்க, தேடுவோம்.

(திரையில்: அமெரிக்க வரைபடம், ரெண்டே விநாடி)

பின்னணியை ஒரே மூச்சுல சொல்லிடறேன், தூங்கிடாதீங்க. அமெரிக்காவோட தகவல்தொடர்பு ஆணையம் எஃப்.சி.சி. 2000-ல குறைந்த சக்தி எஃப்.எம். உரிமத்தைக் கொண்டு வந்துச்சு: 100 வாட், சுத்துவட்டார நிலத்தைவிட 30 மீட்டர் உயரத்துல ஆண்டெனா. இன்னொரு வகைக்கு டிரான்ஸ்லேட்டர்னு பேரு. அது தாய் நிலையத்தோட ஒலிபரப்பை வாங்கி, வேற அலைவரிசையில திருப்பி விடும், 250 வாட் வரைக்கும். முடிஞ்சுது.

இப்ப பினாங்குக்கு வருவோம். சும்மா ஒரு கற்பனை. ஜார்ஜ்டவுன் லிட்டில் இந்தியாவுல, லெபோ பாசார்ல ஒரு கட்டடத்து மேல அதே 100 வாட், அதே 30 மீட்டர். 5.6 கிலோமீட்டருக்கு வட்டம் போடுங்க. பட்டர்வொர்த் ஃபெரி முனையம் உள்ள வந்துடுது, 4 கிலோமீட்டர்கூட இல்ல. தண்ணீர்மலை முருகன் கோயில் வட்டத்து ஓரமா ஒட்டிக்குது, தைப்பூசத்துக்குத் தப்பிச்சோம். ஆயர் ஈத்தாம் வெளியே. பத்து பெரிங்கி வெளியே. பாலிக் பூலாவ்? ஐயோ, அந்தப் பேச்சே வேண்டாம், அதுக்குத் தனியா வரேன்.

சரி, திருடன் யாருன்னு சொல்றேன். தரைதான்!

இதுதான் எனக்கு ரொம்பப் பிடிச்ச பகுதி, கொஞ்சம் நிதானமாவே போறேன். ஆண்டெனாவுல இருந்து கிளம்புற அலை ரெண்டு வழியா உங்க ரேடியோவுக்கு வருது. ஒண்ணு நேரா. இன்னொண்ணு தரையில பட்டுத் தெறிச்சு. தரையில தெறிக்கும்போது அந்த அலை தலைகீழா திரும்பிடும். மேடு பள்ளம் சரியா ஒத்துப்போற ரெண்டு அலை, ஒண்ணு நேரா ஒண்ணு தலைகீழா வந்து சேர்ந்தா என்ன ஆகும்? ஒண்ணை ஒண்ணு தின்னுடும். தூரம் கூடக்கூட ரெண்டு பாதையோட நீளமும் கிட்டத்தட்ட ஒண்ணாயிடும், தின்கிறதும் கூடும். தரையே இல்லாத வெட்டவெளியில தூரம் ரெண்டு மடங்கானா அலையோட பலம் பாதியாகும். தரைக்கு மேல அது கால்வாசியாயிடும். 70 கிலோமீட்டர் போக வேண்டியது இப்படித்தான் 5.6-ல வந்து மூச்சு வாங்குது.

நம்ப முடியலையா? வாயேஜர் 1 விண்கலத்தைப் பாருங்க. 1977-ல கிளம்புனது. அதோட டிரான்ஸ்மிட்டர் சுமார் 23 வாட்தான். 2,400 கோடி கிலோமீட்டருக்கும் அப்பால இருந்து பேசுது, நாசா கேட்குது. உண்மையைச் சொல்லணும்ல, அங்கே 3.7 மீட்டர் தட்டு ஆண்டெனா பூமியையே குறிவெச்சு நிக்குது, இங்கே 70 மீட்டர் தட்டு காதைத் தீட்டிக்கிட்டு இருக்கு, வர்ற தகவலும் எறும்பு வேகம். இருந்தாலும் நடுவுல தரை இல்ல பாருங்க!

அப்போ தரையை ஏமாத்த என்ன வழி? உயரம். ஆண்டெனாவை 30 மீட்டர்லேர்ந்து 60 மீட்டருக்கு ஏத்தினா தூரத்துல அலையோட பலம் ரெண்டு மடங்காகும். அதே பலனை வாட்ல வாங்கணும்னா 100-ஐ 400 ஆக்கணும். வாட் வாட்னு பீத்திக்கிறவங்க மேல எனக்கு மரியாதையே கிடையாது, கோபுரம் எவ்வளவுன்னு கேளுங்க. எஃப்.சி.சி.க்கும் இது தெரியும். அதனாலதான் 30 மீட்டரைத் தாண்டினா வாட்டைக் குறைச்சுடுவாங்க, வட்டம் 5.6-லேயே நிக்கணும்னு. நம்ம ஜார்ஜ்டவுன் கொம்தார் கோபுரத்து உச்சியில வெச்சா ரெண்டு வாட் குடுத்தாலே பெரிசு!

உயரத்துக்கு நம்ம ஊர் உதாரணம் குனோங் ஜெராய். கெடாவுல, 1,217 மீட்டர். அங்கேர்ந்து ஜார்ஜ்டவுனுக்கு சுமார் 40 கிலோமீட்டர், நேர் பார்வை. மலை உச்சியில இருந்து ரேடியோ அலைக்குத் தொடுவானம் சுமார் 140 கிலோமீட்டர். நம்ம பக்கம் ஒலிபரப்பு அங்கேர்ந்து வர்றதுல ஆச்சரியமே இல்ல.

(திரையில்: ஜெராய் உச்சியிலேர்ந்து பாலிக் பூலாவ் வரை ஒரு சிவப்புக் கோடு)

இப்ப பாலிக் பூலாவ். இந்தக் கோட்டை நீங்களே மேப்புல போட்டுப் பாருங்க. நேரா கொடிமலை (பினாங்கு ஹில்) மேல ஏறும்! மலை 800 மீட்டருக்கு மேல, கோடு அந்த இடத்துல 200 மீட்டர் உயரத்துலதான் வருது. முழுசா மோதுது. இந்த மாதிரி நிழலுக்குத்தான் டிரான்ஸ்லேட்டர் மாதிரி சின்ன நிலையங்கள் வேணும். மலை மேல வாங்கி, அந்தப் பக்கம் இறக்கி விடணும். அங்கே 5.6 கிலோமீட்டர் தாராளம்.

ஒரு சின்ன சோதனை. ஜாலான் பர்மாவுல சிகப்பு விளக்குல கார் நிக்கும்போது ரேடியோ கரகரன்னா, முன்னாடி இடம் இருந்தா முக்கால் மீட்டர் மெதுவா நகத்துங்க. பளிச்சுன்னு தெளியும். எஃப்.எம். அலையோட நீளம் சுமார் 3 மீட்டர், கட்டடத்துல தெறிச்ச அலைகள் அதுல பாதி, அதாவது ஒண்ணரை மீட்டருக்கு ஒரு குழி தோண்டி வெச்சிருக்கும். பின்னாடி இருக்கிறவர் ஹாரன் அடிச்சா நான் பொறுப்பில்ல.

இன்னொண்ணு, ஆன்லைன்ல எஃப்.எம். டிரான்ஸ்மிட்டர் வாங்கி மொட்டை மாடியில மாட்டிடாதீங்க லா. மலேசியாவோட 1998 தொடர்பு பல்லூடகச் சட்டப்படி அலைவரிசை ஒதுக்கீடு இல்லாம ஒலிபரப்பினா குற்றம். லைக் வேணா போடுங்க, டவர் போடாதீங்க.

பாலிக் பூலாவ் மக்களே, உங்க வீட்டுல எந்தத் தமிழ் வானொலி சுத்தமா வருது, எது கரகரங்குதுன்னு கமெண்ட்ல எழுதுங்க. எந்தப் பக்கம் பார்த்த வீடுன்னும் சேர்த்துப் போடுங்க, மேப் வரையப் போறேன். காத்தோட அடுக்குகள் சரியா அமைஞ்ச ராத்திரியில அலை நூத்துக்கணக்கான கிலோமீட்டர்கூட தாவி வரும். கடலோரத்துல காரை நிறுத்தி, சுமத்ரா நிலையம் ஏதாவது பிடிச்சவங்க இருந்தா கையைத் தூக்குங்க, அடுத்த வீடியோ உங்களை வெச்சுத்தான்.