கோடாலி பிடிச்ச சிப்பாய்ங்க

வணக்கம் நேயர்களே. அமெரிக்காவோட மேற்குப் பக்கத்துக் கோட்டைன்னு சொன்னதும் நமக்கு ஞாபகம் வர்றது குதிரையும் துப்பாக்கியும்தான். ஆனா வயோமிங்ல இருக்கிற ஃபோர்ட் லாரமியில வேலை பார்த்த சாதாரண சிப்பாய், அஞ்சு வருஷ ஒப்பந்தத்துல அதிகமா கையில பிடிச்சது கோடாலியும் மண்வெட்டியும், இதைத்தான் நான் இன்னைக்கு சொல்ல வந்தேன்.

மேற்குல ஓரிகான், கலிஃபோர்னியாவுக்கு வண்டி கட்டிக்கிட்டுப் போற மக்களுக்குக் காவலா இருக்கட்டும்னு 1849ல ராணுவம் இந்த இடத்தை 4,000 டாலருக்கு வாங்குச்சு. கோட்டைன்னு பேரு, ஆனா ராணுவம் கட்டினதுக்கு சுத்தி மதிலே கிடையாது, ஆத்தங்கரையில ஒரு சின்ன ஊரு மாதிரி பரந்து கிடந்துச்சு.

எந்திரிக்க, சாப்பிட, குதிரைக்குத் தீனி வைக்க, டாக்டர்கிட்ட போக, விளக்கை அணைக்கன்னு எல்லாத்துக்கும் பியூகிள்ங்கிற ஊதுகொம்பை ஊதுவாங்க. நடுவுல இருக்கிற நேரமெல்லாம் விறகு வெட்டுறது, தண்ணி இழுக்கிறது, கட்டடம் கட்டுறது, குளிர்காலத்துல ஆத்துல உறைஞ்ச ஐஸை அறுத்து சேர்த்து வைக்கிறது. சமையலுக்குன்னு படிச்ச ஆளு இல்லை, சிப்பாய்ங்களே முறை வச்சு மாத்தி மாத்தி சமைப்பாங்க, உப்புப் பன்றிக்கறி, பீன்ஸ், ரொட்டி, காபி, திரும்பவும் அதே. காய்கறி இல்லாம ஸ்கர்விங்கிற சத்துக்குறைவு நோய் வந்துடும்னு கோட்டையிலேயே தோட்டம் போட்டாங்க.

எனக்கு மனசுல நிக்கிறது துணி துவைக்க வந்த பெண்கள்தான். நிறைய பேரு சிப்பாய்ங்களோட மனைவிங்க. ராணுவம் ரேஷன் கொடுக்கும், கூலி சிப்பாய் கையிலேருந்து வரணும். அவங்க உழைப்புலதான் அங்க பல குடும்பங்கள் ஓடுச்சு, 1878ல அந்த ஏற்பாட்டையே சட்டம் போட்டு நிறுத்திட்டாங்க, அது ரொம்ப அநியாயம்னுதான் நான் நினைக்கிறேன்.

1870கள்ல கடைநிலை சிப்பாய்க்கு மாசம் 13 டாலர், அதுவும் மாசாமாசம் கைக்கு வராது, சம்பள அதிகாரி ரெண்டு மாசத்துக்கு ஒரு தடவை வரணும், பாதை மோசமா இருந்தா இன்னும் தள்ளிப்போகும். அயர்லாந்து, ஜெர்மனியிலேருந்து பிழைக்க வந்தவங்க இதுல நிறைய. 1867லேருந்து 1891 வரைக்கும் மொத்த அமெரிக்க ராணுவத்துல சேர்ந்தவங்கள்ல மூணுல ஒரு பங்கு பேரு ஓடிப்போயிட்டாங்க, அதுக்குப் பயம் காரணம்னு சொல்லிட முடியாது, இந்த வேலையும் சலிப்பும்தான் அவங்களைத் துரத்துச்சு. குளிருக்குக் கூரையும் சாப்பாடும் வேணும்னு சேர்ந்து, பனி உருகினதும் கிளம்பிப் போனவங்களும் உண்டு, அவங்களுக்கு ஸ்னோபேர்டு, அதாவது பனிப்பறவைன்னே ஒரு பேரு இருந்துச்சு.