2.5 கோடி உலகங்கள், ஒரு தலைநகர்: அசிமோவின் பேரரசுக்கு வரைபடம் போட்டால்

[திரை: முழுக் கறுப்பு. நடுவில் ஒரே ஒரு வெள்ளைப் புள்ளி.]

வணக்கம். நீங்கள் ஒரு பேரரசர் என்று வைத்துக்கொள்ளுங்கள். உங்கள் ஆட்சியில் இருக்கும் உலகங்களின் பெயர்களை ஒருவர் வரிசையாக வாசிக்கிறார். ஒரு பெயருக்கு ஒரு நொடி. இடையில் சாப்பாடு கிடையாது, தூக்கம் கிடையாது. பட்டியல் எப்போது முடியும்?

289 நாள் கழித்து. கிட்டத்தட்ட ஒன்பதரை மாதம். பெயரைக் கேட்டு முடிக்கவே அவ்வளவு நாள் என்றால், எந்த உலகத்தில் என்ன பிரச்சினை என்று கேட்பது எப்போது?

[திரை: புள்ளி ஆயிரமாகி, லட்சமாகி, ஒரு சுருள் விண்மீன் மண்டலமாக விரிகிறது.]

ஐசக் அசிமோவின் ஃபவுண்டேஷன் கதைகளில் வரும் பேரரசு இது. மனிதர் குடியேறிய கிட்டத்தட்ட 2.5 கோடி கிரகங்கள், அத்தனையும் டிரான்டார் என்ற ஒரே தலைநகருக்கு அடக்கம். ஆட்சி தொடங்கி 12,000 ஆண்டு ஆகிவிட்டது. அசிமோவுக்கு இந்த யோசனை வந்தது 1941 ஆகஸ்டில், நியூயார்க் சுரங்க ரயிலில், பத்திரிகை ஆசிரியர் ஜான் கேம்ப்பெல்லைப் பார்க்கப் போகும் வழியில். அப்போது அவருக்கு வயது 21. ரோமப் பேரரசு சரிந்த கதையை எட்வர்ட் கிப்பன் எழுதினாரே, அதை விண்வெளிக்குக் கொண்டுபோனால் எப்படி இருக்கும் என்பதுதான் யோசனை. முதல் கதை 1942 மே மாதம் வெளிவந்தது.

இந்தப் பேரரசை அசிமோவ் பெரும்பாலும் எண்களால்தான் காட்டுகிறார். அங்கே ஒரு எண், இங்கே ஒரு எண், அவ்வளவுதான். அந்த எண்களை வைத்து நாமே வரைபடம் போட முடியுமா என்று பார்ப்போம். முன்கூட்டியே சொல்லிவிடுகிறேன்: கதையின் பெரிய ரகசியம் ஒன்றை நடுவில் உடைக்கப் போகிறேன். புத்தகம் வந்து எழுபது வருஷம் தாண்டிவிட்டது, அதனால் மனசாட்சி உறுத்தவில்லை.

[திரை: பால்வெளி மண்டலம், மேலிருந்து. ஒரு முனையிலிருந்து மறுமுனைக்கு அளவுகோல்.]

முதலில் நிலம். அதாவது, பால்வெளி. குறுக்களவு ஏறக்குறைய 1 லட்சம் ஒளியாண்டு. வட்டத்தட்டின் தடிமன் 1,000 ஒளியாண்டு என்று வைத்துக்கொள்ளலாம், தோசை மாதிரி. விண்மீன்கள் 10,000 கோடியிலிருந்து 40,000 கோடி வரை இருக்கும் என்று கணிக்கிறார்கள். குறைந்த எண்ணையே எடுத்தாலும், 4,000 விண்மீனுக்கு ஒன்றில்தான் பேரரசின் குடிகள் இருக்கிறார்கள். மீதி 3,999 காலி.

ஆகவே "மண்டலம் முழுக்க ஆளும் பேரரசு" என்று கேட்டதும் மனதில் வருகிற படம் தப்பு. நாடுகளின் வரைபடம் மாதிரி வண்ணம் பூசி நிரப்ப முடியாது. நம் சூரியனைச் சுற்றியுள்ள பகுதியின் அடர்த்தியை வைத்துக் கணக்குப் போட்டால், குடியிருப்புள்ள ஓர் உலகத்திலிருந்து அடுத்த உலகம் சுமார் 100 ஒளியாண்டு தள்ளி இருக்கும். நடுவில் எல்லைக் கல் கிடையாது, வேலி கிடையாது. கடலில் சிதறிய தீவுக்கூட்டம் என்று நினைத்துக்கொண்டால் ஓரளவு சரியாக வரும்.

இந்தத் தீவுகளை இணைப்பது கதையில் வரும் "தாவல்". மீவெளி என்ற கற்பனைக் குறுக்குவழியில் கண்ணிமைக்கும் நேரத்தில் மண்டலத்தின் குறுக்கே போய்விடலாம். இது இல்லாவிட்டால் பேரரசும் இல்லை. ஏனென்றால் மையத்திலிருந்து விளிம்புக்கு ஒளி போய்ச் சேரவே 50,000 ஆண்டு. தலைநகர் போட்ட முதல் உத்தரவு பாதி வழியைத் தொடும் முன்பே 12,000 ஆண்டு ஆட்சி முடிந்திருக்கும்.

[திரை: தொலைநோக்கி வழியே தெரியும் விண்மீன்கள். சில மெல்ல இடம் மாறுகின்றன.]

இங்கேதான் வரைபடக்காரருக்குத் தலைவலி ஆரம்பம். தலைநகரில் உட்கார்ந்து வானத்தைப் பார்த்து வரைந்தால், விளிம்பில் இருக்கும் விண்மீன் 50,000 ஆண்டுக்கு முன் இருந்த இடம்தான் தெரியும். பக்கத்து விண்மீன் நேற்றைய செய்தி, தூரத்து விண்மீன் கொள்ளுத்தாத்தா காலத்துச் செய்தி. இரண்டையும் ஒரே தாளில் ஒட்டினால் அது எந்தக் காலத்தின் வரைபடம்?

அப்புறம், விண்மீன்கள் சும்மா நிற்பதில்லை. நம் சூரியன் நொடிக்கு 220, 230 கிலோமீட்டர் வேகத்தில் மையத்தைச் சுற்றுகிறது. 12,000 ஆண்டில் அது 9 ஒளியாண்டு போல நகர்ந்திருக்கும். அக்கம்பக்கத்து விண்மீன்களும் கூடவே ஓடுவதால், ஒன்றுக்கொன்று ஏற்படும் வித்தியாசம் ஓர் ஒளியாண்டு அளவில்தான் இருக்கும். முழு மண்டலத்தையும் காட்டும் சுவர்ப்படத்தில் ஓர் ஒளியாண்டு என்பது கண்ணுக்கே தெரியாது. முதல் பேரரசர் மாட்டிய படத்தைக் கடைசிப் பேரரசர் வரை கழற்ற வேண்டியதில்லை.

ஆனால் கப்பல் ஓட்டுபவரிடம் அந்தப் படத்தைக் கொடுத்துவிடாதீர்கள். ஓர் ஒளியாண்டு என்பது பூமிக்கும் சூரியனுக்கும் உள்ள தூரத்தைப் போல 63,000 மடங்கு. இலக்கு அவ்வளவு தப்பினால் போய் நிற்கும் இடத்தில் இருட்டைத் தவிர ஒன்றும் இருக்காது.

நம்முடைய நிஜ வரைபடம் எந்த நிலையில் இருக்கிறது? ஐரோப்பிய விண்வெளி முகமை 2013 டிசம்பரில் அனுப்பிய கயா விண்கலம் 2025 ஜனவரி வரை வானத்தை அளந்தது. 2022-ல் வெளியான அதன் பட்டியலில் சுமார் 180 கோடிப் பொருள்கள். பிரமாண்டமான வேலைதான். ஆனாலும் மண்டலத்தின் விண்மீன்களில் அது இரண்டு சதவீதத்தைத் தாண்டவில்லை. நம் அட்டவணைகளில் திசை குறிக்கும் ஆயக்கட்டமைப்பும் சூரியனை நடுவில் வைத்துத்தான் போடப்பட்டிருக்கிறது. அசிமோவின் பேரரசில் அப்படி வரைந்தால் சிரிப்பார்கள். அங்கே பூமி எந்த மூலையில் இருந்தது என்பதே எல்லோருக்கும் மறந்துவிட்டது.

[திரை: வட்டம். விளிம்பில் ஒரு புள்ளி ஒளிர்கிறது. நடுவில் கேள்விக்குறி.]

சரி, இப்போது அந்த ரகசியம். ஹாரி செல்டன் என்ற கணிதவியலாளர் பேரரசு விழப்போவதை முன்பே கணித்து இரண்டு அமைப்புகளை நிறுவுகிறார். முதலாவது விளிம்பில், டெர்மினஸ் என்ற கிரகத்தில். இரண்டாவது "மண்டலத்தின் மறுமுனையில்". அது எங்கே என்று ஆளாளுக்குத் தேடுகிறார்கள். நேர் எதிர் விளிம்பில் தேடுகிறார்கள். வட்டத்துக்கு முனையே கிடையாது, எனவே சுற்றிவந்து பழைய இடத்திலேயே தேட வேண்டும் என்று ஒரு கட்சி.

விடை: மண்டலம் ஒரு சுருள். சுருளின் வெளிமுனை டெர்மினஸ் என்றால் மறுமுனை எது? நடு. அங்கே இருப்பது தலைநகர் டிரான்டார். எல்லோரும் தூரத்தை அளந்துகொண்டிருக்க, வடிவத்தைப் பார்க்க ஒருவருக்கும் தோன்றவில்லை.

எனக்கு இதில் பிடித்தது இன்னொரு விஷயம். இந்த விடை அச்சில் வந்தது 1949 நவம்பருக்கும் 1950 ஜனவரிக்கும் இடையில். அன்றைய வானியலாளர்களுக்கு நம் மண்டலமும் பக்கத்து மண்டலமான ஆண்ட்ரோமிடா மாதிரி சுருளாக இருக்கலாம் என்ற ஊகம் உண்டு, ஆனால் நம் மண்டலத்தின் சுருள் கரங்களை யாரும் வரைந்து காட்டியிருக்கவில்லை. அமெரிக்க வானியலாளர் வில்லியம் மார்கன் அதற்கான முதல் நல்ல ஆதாரத்தை அறிவித்தது 1951 டிசம்பரில். அதே ஆண்டு மார்ச்சில்தான் ஹைட்ரஜனின் 21 சென்டிமீட்டர் ரேடியோ அலை பிடிபட்டது. தூசிக்குப் பின்னால் இருக்கும் கரங்களை அதை வைத்துத்தான் பின்னர் வரைந்தார்கள். கதை ஒன்றிரண்டு வருஷம் முந்திக்கொண்டது.

தலைநகரை நடுவில் வைத்ததும் நியாயமாகத்தான் இருந்தது. அங்கே விண்மீன்கள் நெருக்கம், அண்டை உலகங்கள் கைக்கெட்டும் தூரம். 1974-ல் அந்த மையத்தில் ரேடியோ அலைகளை வீசும் செறிவான பொருள் ஒன்று கண்டுபிடிக்கப்பட்டது. இன்று அது 40 லட்சம் சூரியன் எடையுள்ள கருந்துளை என்று தெரியும். வீடு கட்ட நான் அந்தப் பக்கம் போக மாட்டேன்.

[திரை: உலோகத்தால் மூடப்பட்ட கிரகம். பச்சையாக ஒரே ஒரு பொட்டு.]

இப்போது டிரான்டாருக்குள் இறங்குவோம். நிலப்பரப்பு 7.5 கோடி சதுர மைல், அதாவது 19.4 கோடி சதுர கிலோமீட்டர். நம் பூமியின் நிலம் முழுவதையும்விட 1.3 மடங்கு. அத்தனையும் ஒரே நகரம். பேரரசரின் அரண்மனைத் தோட்டம் 100 சதுர மைல், அங்கு மட்டும் மண்ணும் மரமும் பூவும். மக்கள்தொகை 4,000 கோடிக்கு மேல்.

கேட்டதும் மூச்சு முட்டுகிறது, இல்லையா? வகுத்துப் பாருங்கள். சதுர கிலோமீட்டருக்கு சுமார் 206 பேர். ஜெர்மனியில் அது 230-ஐத் தாண்டும்! காடும் வயலும் உள்ள ஜெர்மனியைவிட, கிரகம் முழுக்க நகரமான டிரான்டாரில் நெரிசல் குறைவு. நம் பாணியில் சொன்னால், தலைக்கு ஒரு ஏக்கர் இருபது சென்ட் வருகிறது. அதுவும் தரைமட்டக் கணக்கு. நகரம் ஒரு மைலுக்கும் மேல் ஆழத்தில் தோண்டி இறங்குகிறது, பத்தில் ஒன்பது பங்கு தரைக்குக் கீழே என்று கதையே சொல்கிறது. மாடிகளையும் சேர்த்தால் ஆளுக்கு ஒரு கல்யாண மண்டபம் ஒதுக்கலாம். "கோடி" என்ற சொல் அசிமோவையும் கொஞ்சம் மயக்கிவிட்டது என்றுதான் நினைக்கிறேன்.

[திரை: வரிசை வரிசையாக இறங்கும் சரக்குக் கப்பல்கள்.]

ஆனால் சாப்பாட்டு விஷயத்தில் அவர் கணக்கு பலமாக நிற்கிறது. 20 விவசாய உலகங்களிலிருந்து தினமும் பல்லாயிரம் கப்பல்கள் டிரான்டாருக்கு உணவு கொண்டுவருகின்றன. ஆளுக்கு ஒரு கிலோ என்றால் நாளைக்கு 4 கோடி டன். கப்பல் 20,000 என்று வைத்தால், ஒன்றுக்கு 2,000 டன். இந்தியாவில் ஓடும் ஒரு முழு நீளச் சரக்கு ரயில் இதைவிட அதிகம் சுமக்கும். விவசாய உலகம் ஒவ்வொன்றும் வெளியே 200 கோடிப் பேருக்குச் சோறு போட வேண்டும். நம் பூமி இன்றே 800 கோடிப் பேருக்குப் போடுகிறது. எல்லாம் நடக்கக்கூடியது.

நடக்கக்கூடியதாக இருப்பதுதான் ஆபத்து. கப்பல் பத்து நாள் வராவிட்டால் தலைநகர் பட்டினி. எகிப்திலிருந்தும் வட ஆப்பிரிக்காவிலிருந்தும் தானியம் வராவிட்டால் ரோம் திண்டாடியதே, அதே கதை. கடைசி ஆயிரம் ஆண்டில் பேரரசின் கொள்கை என்பதே இந்த ஒரு குரல்வளையைக் காப்பது என்று சுருங்கிவிட்டதாக அசிமோவ் எழுதுகிறார்.

அந்த 4,000 கோடிப் பேர் அங்கே என்னதான் செய்கிறார்கள்? கிட்டத்தட்ட எல்லோருக்கும் நிர்வாக வேலை. அப்படியும் ஆள் போதவில்லை என்கிறது கதை. மிகை மாதிரி தெரியும். 2.5 கோடி உலகத்துக்குப் பங்கிட்டால், ஓர் உலகத்துக்கு 1,600 பேர். குழந்தைகள், தாத்தா பாட்டிகள் எல்லோரையும் சேர்த்து. ஒரு கிரகத்தில் 100 கோடிப் பேர் வாழ்ந்தால், அவர்கள் அனுப்பும் மனுக்களை 1,600 பேர் பிரிக்க வேண்டும். எந்தத் தாலுகா அலுவலகத்தையாவது பார்த்தவர்களுக்கு மேற்கொண்டு விளக்க வேண்டியதில்லை.

[திரை: மண்டலத்தின் விளிம்பிலிருந்து புள்ளிகள் ஒவ்வொன்றாக அணைகின்றன.]

முதலில் விளிம்பு கழன்றது. டெர்மினஸுக்குப் பக்கத்தில் அனாக்ரியான் முதலான நான்கு பகுதிகள் தனி ராஜ்ஜியங்களாகின. சுவரில் மாட்டிய விண்மீன் படத்தில் ஒரு புள்ளிகூட நகரவில்லை. எந்தப் புள்ளி யாருடையது என்பதுதான் மாறிக்கொண்டே வந்தது. கடைசியில் டிரான்டாரே சூறையாடப்பட்டது. தப்பிய அரச குடும்பம் ஒரு சின்னக் கிரகத்துக்குப் போய் அதற்கு நியோடிரான்டார் என்று பெயர் வைத்தது. அங்கே ஒன்பதாம் டகோபர்ட் என்ற கிழவர், பேரண்டத்தின் அதிபதி என்ற பட்டத்தோடு ஆள்கிறார். அவரிடம் மிஞ்சியவை 20 விவசாய உலகங்கள். பெயர்களை வாசித்துக் காட்ட 20 நொடி போதும்.

டிரான்டாரில் உயிர் பிழைத்தவர்களுக்கு உணவுக் கப்பல் இனி வராது. அவர்கள் தரையை மூடியிருந்த உலோகத்தைத் தகடு தகடாகப் பெயர்த்தார்கள். அதை வெளி உலகங்களுக்கு விற்று விதையும் மாடும் வாங்கினார்கள். கீழே மண் இருந்தது, தலைக்கு ஒரு ஏக்கருக்கும் மேலாக, அத்தனை காலமும் அங்கேயே.

[திரை: பெயர்த்த உலோகத் தகடு. அதன் ஓரத்தில் உழுத மண்.]