புட்டு மாவும் நிக்கல் உப்பும்

நேயர்களுக்கு வணக்கம்.

எண்ணெயை வனஸ்பதியாக உறையச் செய்ய ஆலைகளில் நிக்கல் வினையூக்கியாக, அதாவது தான் தீர்ந்துபோகாமல் வினையை விரைவுபடுத்தும் பொருளாக, பயன்பட்டு வந்திருப்பதைப் பலர் அறிவீர்கள். அத்தகைய வினையூக்கியை ஆய்வுக்கூடத்தில் எந்தெந்தப் பொருள்களைக் கொண்டு செய்கிறோம் என்பதை ஏனோ எவரும் கேட்பதில்லை.

நிக்கலைக் கட்டியாக வைத்தால் வெளிப்புறத்து அணுக்கள் மட்டுமே வேலை செய்யும். ஆகவே அதைப் பரப்பி வைக்க ஒரு தாங்கி வேண்டும். காமா அலுமினா என்னும் வெள்ளைத் தூள் அதற்கு ஏற்றது. அதன் ஒரு கிராமில் உள்ள நுண்துளைச் சுவர்களையெல்லாம் விரித்தால் சுமார் 200 சதுர மீட்டர், அதாவது நம் சென்னைக் கணக்கில் ஏறத்தாழ ஒரு கிரவுண்டு மனை!

அத்தூளில் நிக்கல் நைட்ரேட் கரைசலைச் சேர்க்கும் பக்குவம், புட்டுக்கு மாவு பிசிறும் பக்குவமேதான். துளைகள் குடிக்கும் அளவுக்கே தெளிக்க வேண்டும்; மிஞ்சினால், உலரும்போது உப்பு வெளியே திரண்டுவிடும். நைட்ரேட் ஏனென்றால், சூட்டில் அது பழுப்பு வாயுவாகப் பிரிந்து போய்விடும்; குளோரைடோ முழுவதும் போகாமல் ஒட்டிக்கொண்டு தொல்லை தரும். எஞ்சும் நிக்கல் ஆக்சைடை ஹைட்ரஜனில் சூடாக்கினால் உலோகம் கிடைக்கும்.

எந்த உப்பு என்பதைவிட எந்தத் தண்ணீர் என்பதே பெரிது என்று நான் எப்போதும் சொல்வேன். மாணவனாக இருந்தபோது, ஒரு கோடைத் தட்டுப்பாட்டில் காய்ச்சி வடித்த நீர் தீர்ந்துபோக, ஆழ்குழாய் நீரிலேயே உப்பைக் கரைத்துவிட்டேன். வெந்நீர்ப் பாத்திரத்தின் அடியில் வெள்ளையாகப் படிவதைப் பார்க்காத சென்னைக்காரர் உண்டா? எனக்குத்தான் அது தோன்றவில்லை. வினையூக்கி அசையவே இல்லை. உலையை ஐயுற்றேன், ஹைட்ரஜன் உருளையை ஐயுற்றேன், நிக்கல் உப்பை விற்றவரையும் ஐயுற்றேன்; இரண்டு மாதங்கள் போயின. நீரில் இருந்த சல்பேட் ஹைட்ரஜனில் சல்பைடாக மாறி நிக்கலைப் பற்றியிருக்கும், கந்தகம் அதற்கு நஞ்சு என்று ஆசிரியர் பொறுமையாக விளக்கினார். வடிநீரில் மறுபடி செய்தேன். அன்று மாலையே வேலை செய்தது. தண்ணீர்தான், நேயர்களே, தண்ணீர்தான்.

நேரம் குறைவாக இருப்பதால், தாங்கி இல்லாமலே நிக்கல் வினையூக்கி செய்ய அமெரிக்கப் பொறியாளர் முர்ரே ரேனி 1920களில் கண்ட முறையைச் சுருக்கமாகவே சொல்கிறேன். நிக்கல், அலுமினியம் கலந்த உலோகத்தூளை எரிசோடாக் கரைசலில் இட்டால் அலுமினியத்தின் பெரும்பகுதி கரைந்து, கடற்பஞ்சு போன்ற நிக்கல் எஞ்சும். அதை நீருக்குள்ளேயே வைக்க வேண்டும்; உலர்ந்தால் காற்றில் தானே தீப்பற்றும் என்பதால், வடிதாளில் தங்கிய துளியைக்கூடக் குப்பைக்கூடையில் போடக் கூடாது. வினையூக்கியாகப் பயன்படும் இன்னொரு உலோகமான பிளாட்டினத்தைப் பற்றிப் பேச இன்று நேரமில்லை. வணக்கம்.