கடலோரப் பாதை என்றால் சமதளமா? நேயர் கேள்விக்கு விளக்கம்

தெம்பனிஸிலிருந்து ஒரு நேயர் எழுதி அனுப்பிய கேள்வி என்னைச் சில நாள்களாக விடவே இல்லை. அவர் ஈஸ்ட் கோஸ்ட் பூங்காவில் வாரந்தோறும் 20 கிலோமீட்டர் களைப்பின்றி நடக்கிறாராம். இங்கிலாந்தின் தென்மேற்குக் கடலோரப் பாதையில், ஹார்ட்லண்ட் கீ என்னும் இடத்திலிருந்து பியூட் நகரம் வரையுள்ள 25 கிலோமீட்டரை ஒரே நாளில் நடந்துவிட முடியுமா என்று கேட்கிறார். "மலையேற்றம் இல்லை, கடலோரம்தானே?" என்றும் சேர்த்திருக்கிறார். அந்தக் கடைசி வரிக்காகத்தான் இன்று பேசுகிறேன். நடைக் காலணி வாங்குவது பற்றி நான் முன்பு பேசியதையெல்லாம் கேட்டவர்களுக்கு, இப்போது என்ன சொல்லப்போகிறேன் என்று தெரிந்திருக்கும்: கிலோமீட்டரை விடுங்கள், பள்ளத்தாக்குகளை எண்ணுங்கள்.

அந்தக் கரையில் ஓடைகள் எல்லாம் கடலை நோக்கிக் குறுக்காக ஓடி, நிலத்தை ஆழமாக அறுத்திருக்கின்றன. பாதையோ கரையை ஒட்டிப் போகிறது. ஆகவே ஒவ்வோர் ஓடைக்கும் நீங்கள் கீழே இறங்கி, ஒரு மரப்பாலத்தைக் கடந்து, மறுபக்கம் அதே உயரத்துக்கு ஏறியாக வேண்டும். இந்த ஒரு நாள் நடையில் அப்படி ஏறத்தாழ பத்துப் பள்ளத்தாக்குகள் வருகின்றன. மொத்த ஏற்றம் 1,000 மீட்டரைத் தாண்டும். நம் புக்கிட் தீமாவின் உச்சி 164 மீட்டர்தான் என்பதை நினைத்துப் பாருங்கள்; கடல்மட்டத்திலிருந்து அதை ஆறு முறைக்கு மேல் ஏறி இறங்குவதற்கு இது சமம்.

நெய்ஸ்மித் என்ற ஸ்காட்லாந்து மலையேறி 1892-இல் ஒரு கணக்கு வகுத்தார். 5 கிலோமீட்டருக்கு ஒரு மணி நேரம், அதற்கு மேல் ஒவ்வொரு 600 மீட்டர் ஏற்றத்துக்கும் இன்னொரு மணி நேரம். அதன்படி பார்த்தால் இந்த நடைக்கு ஏழு மணி நேரம் போதும் என்று தோன்றும். ஆனால் அந்தக் கணக்கில் இளைப்பாறுவதற்கும் இடமில்லை, செங்குத்தான இறக்கத்துக்கும் இடமில்லை. இறக்கம்தான் ஆளை வீழ்த்துகிறது. ஏறும்போது மூச்சு வாங்கும், நின்றால் சரியாகிவிடும். இறங்கும்போது தொடைத் தசைகள் நீண்டுகொண்டே உடல் எடையைத் தாங்குகின்றன. அந்தச் சேதத்தின் வலி மறுநாளும் அதற்கு அடுத்த நாளும்தான் உச்சத்தை எட்டும்.

என் மைத்துனர் ஓட்டக்காரர். நாங்கள் அந்தப் பாதையில் நடந்தபோது, ஏற்றங்களில் எங்களையெல்லாம் விட்டுவிட்டு முன்னே போய், மேலே நின்று படம் எடுத்துக்கொண்டிருந்தார். கார்ன்வால் மாவட்டத்தின் எல்லையான மார்ஸ்லண்ட் மவுத் பள்ளத்தாக்கில் இறங்கியபோது பார்க்கிறேன், மனிதர் பக்கவாட்டாகத் திரும்பி, புல்லைப் பிடித்துக்கொண்டு, ஒவ்வொரு படியாகக் காலை வைக்கிறார். காலணியின் முன்புறத்தில் மோதி மோதி இரண்டு பெருவிரல் நகங்களும் கறுத்துவிட்டன. இறங்கத் தொடங்கும் முன் கணுக்காலருகே கயிற்றை இறுக்கிக் கட்டியிருந்தால் அந்தத் துன்பம் வந்திருக்காது.

ஆகவே வீவக அடுக்குமாடிப் படிகளில் பயிற்சி செய்யுங்கள், ஆனால் ஏறிவிட்டு மின்தூக்கியில் கீழே வராதீர்கள். இறங்குவதுதான் பயிற்சி.

உண்மையில் அந்த நேயர் கேட்டிருக்க வேண்டிய கேள்வி வேறு என்று எனக்குப் படுகிறது. உள்நிலத்தில் வசதியாகப் போயிருக்கக்கூடிய பாதையை இப்படிக் கடலோரச் செங்குத்துப் பாறையான ஓங்கலின் விளிம்பிலேயே போட்டவர்கள் யார்? கள்ளக்கடத்தலைத் தடுக்க ரோந்து சென்ற காவலர்கள்தாம். 1822-இல் கடலோரக் காவற்படை உருவானது. படகு ஒதுங்கக்கூடிய ஒவ்வொரு சிறு குடாவையும் எட்டிப் பார்க்க வேண்டியது அவர்கள் வேலை; பாதை அவர்களுடைய கண்ணுக்காகப் போடப்பட்டது, காலுக்காக அன்று. அந்தத் தடங்களைப் பின்பற்றித்தான் மைன்ஹெட் முதல் பூல் துறைமுகம் வரை 1,014 கிலோமீட்டர் நீளும் இன்றைய பாதை அமைந்தது.

அதே கரையில் மோர்வென்ஸ்டோ என்ற சிற்றூர் இருக்கிறது. 19-ஆம் நூற்றாண்டில் அங்கே பாதிரியாராக இருந்த ராபர்ட் ஸ்டீஃபன் ஹாக்கர், கப்பல் உடைந்து கரை ஒதுங்கிய மாலுமிகளின் உடல்களைத் தாமே தேடிச் சென்று தம் தேவாலயக் கல்லறைத் தோட்டத்தில் அடக்கம் செய்தார். 1842-இல் மூழ்கிய கலிடோனியா கப்பலின் முகப்புச் சிலை அந்த மாலுமிகளின் கல்லறைக்கு அடையாளமாக நின்றது. உடைந்த கப்பல்களின் மரங்களைக் கொண்டு ஓங்கலின் சரிவில் அவர் கட்டிய குடிசை இன்றும் இருக்கிறது. இரண்டு பேர் உட்கார்ந்தால் நெருக்கம்தான். வேகமாக நடப்பவர்கள் பெரும்பாலும் அதைத் தவறவிடுகிறார்கள்.

மோர்வென்ஸ்டோ ஏறத்தாழ பாதி வழியில் இருப்பதால், நேயருக்கு என் பதில் இதுதான்: அங்கே ஓர் இரவு தங்கி, இரண்டு நாளாக நடங்கள். ஒரே நாளில்தான் முடிப்பேன் என்றால் ஜூன் மாதத்தில் போங்கள். ஆண்டு முழுவதும் ஏழு மணிக்கு விடிந்து ஏழு மணிக்கு இருட்டும் ஊரில் வாழும் நமக்கு இது சட்டென்று தோன்றாது. அங்கே ஜூனில் 16 மணி நேரப் பகல், டிசம்பரில் அதில் பாதிதான். ஏற்றத்தைத் தவிர்க்கலாம் என்று கடற்கரையில் இறங்கி நடக்காதீர்கள். அலை ஏறினால் திரும்ப வழி இருக்காது. ஊன்றுகோல் இரண்டு எடுத்துக்கொள்ளுங்கள், இறக்கத்தில் அவற்றைச் சற்று நீட்டிக்கொள்ளுங்கள். விமானத்தில் கைப்பையோடு அவற்றைப் பெரும்பாலும் அனுமதிப்பதில்லை என்பதால் பெரிய பெட்டியில் வைத்துவிடுங்கள்.